ஒரே வளவுக்குள் நாலு வீடு

எங்கள் வளவில் இருந்த அந்த அக்காவை நினைத்தால் எனக்கு முதலில் வருவது கோபம். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். சென்ற மாதம் ஆசிரியர்களுக்கென்று நடந்த ஒரு பட்டறையில், கொழும்பிலிருந்து வந்திருந்த இளம் விரிவுரையாளர் ஒருவர் வெண்பலகையில் 'மாற்றங்களுக்கு ஏற்ப எம்மை மாற்றிக்கொள்வது எப்படி?' என்று எழுதினார். எழுதிவிட்டுத் திரும்பி, "நீங்கள் வன்னி ஆக்கள். உங்களுக்கு இதை நான் சொல்லித் தரத் தேவையில்லை" என்று சிரித்தார். எல்லோரும் பெருமையாகத் தலையாட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தேநீர் இடைவேளையோடு எழும்பி வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் பார்த்த மனிதரில் அந்தக் கலை முழுமையாகக் கைவந்தவர் அவர் ஒருவர்தான். அவரோடு ஒரே வளவில் ஐந்து வருடம் இருந்தேன். அந்தக் கலையால் அவருக்கு என்ன கிடைத்தது என்றும் எனக்குத் தெரியும். அதனால்தான் இப்படி யாராவது மேடையில் நின்று பாராட்டினால் என்னால் இருந்து கேட்க முடிவதில்லை.

எங்களுக்குக் கிளிநொச்சியில் குளத்துக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த வயலும் வீடும் இருந்தன. அதைவிட அக்கராயன் பக்கத்தில் மூன்று ஏக்கர் காடு. உண்மையில் அது அரச காணி. அப்பா எழுபதுகளில் நாலு பக்கமும் கட்டை நட்டுக் கம்பி இழுத்துவிட்டு 'எங்கட காணி' என்று சொல்லிக்கொண்டிருந்தார். அரசாங்கம் எழுதித் தரும் பெர்மிற் கிடையாது. அந்தக் காலத்தில் அங்கே பாதிப் பேருடைய காணி அப்படித்தான். தொண்ணூற்றொன்றில் அந்த அக்காவும் புருசனும் மூன்று வயது மகளோடு வேலை தேடி வந்தபோது அப்பா, "காட்டை வெட்டிப்போட்டு இருங்கோ. எனக்கும் காணியைப் பாத்த மாதிரி" என்றார். அவர்கள் மலையகத்தில் பிறந்தவர்கள். ஒரு கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தை விட்டு வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்தும் இரண்டு மூன்று இடம் மாறி எங்களிடம் வந்து சேர்ந்தவர்கள். எந்த வருடம் எங்கே இருந்தார்கள் என்று அவர் ஒருநாளும் ஒழுங்காகச் சொன்னதில்லை. கேட்டால், "அது ஒரு எடம் டீச்சர்" என்பார். அதோடு கதை முடிந்துவிடும்.

தொண்ணூற்றாறில் சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டு ஓடியபோது எங்களுக்கு அந்தக் காடு நினைவு வந்தது. ட்ரக்டர் பெட்டியில் சாமான்களோடு நாங்கள் போய் இறங்கியபோது அங்கே காடு இல்லை. நடுவில் மண்சுவர் எழுப்பிக் கிடுகு வேய்ந்த இரண்டறை வீடு, கட்டுக் கட்டிய கிணறு, எட்டுத் தென்னங்கன்று, வாழை, மரவள்ளி. ஐந்து வருடத்தில் இரண்டு பேர் வெறுங்கையால் செய்தவை அவ்வளவும். எங்களைக் கண்டதும் அவர் வாசலில் நின்றபடியே ஒரு பார்வை பார்த்தார். அம்மா, அப்பா, நான், தங்கச்சி, ஏழு பெட்டிகள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போனார். கொஞ்ச நேரத்தில் தன் பாய், சட்டி பானை, சாமிப்படம் எல்லாவற்றையும் வெளியே எடுத்து வைத்துவிட்டு வீட்டைக் கூட்டத் தொடங்கினார்.

"நீங்க உள்ள இருங்கம்மா. நாங்க பின்னால ஒண்ணு போட்டுக்கிறோம்."

மாலைக்குள் போட்டும் விட்டார்கள். நாலு மரக்கப்பு, மேலே கொஞ்சம் கிடுகு, பக்கத்துக்கு உரப்பை. அம்மா, "நல்ல பிள்ளை, சொல்லாமலே விளங்குது" என்றா. எனக்கும் அன்று அப்படித்தான் தோன்றியது. நல்ல பிள்ளை என்று நானும் நினைத்தேன். எங்களுக்குச் சொந்தமில்லாத வீட்டுக்குள் அன்றிரவே நுளம்புவலை கட்டினோம்.

அந்த வளவில் இரண்டு சாதி மனிதர் இருந்தோம். ஒரு பக்கம் நாங்கள். அடுத்த மாதம் கிளிநொச்சிக்குத் திரும்பிவிடுவோம் என்று ஐந்து வருடம் சொல்லிக்கொண்டிருந்தவர்கள். எங்கள் பெட்டிகள் கயிறு கட்டியபடியே கிடந்தன. உடுப்பு வேண்டுமென்றால் கயிற்றை அவிழ்த்து, எடுத்து, பெட்டியை மூடித் திரும்பவும் கட்டுவோம். அதற்கென்றே அம்மா எனக்கும் தங்கச்சிக்கும் ஒரு முடிச்சுப் பழக்கியிருந்தா. ஒரு மிளகாய்க் கன்று நட அம்மா விடவில்லை. "கண்டு வைச்சால் பிறகு காய்க்கிற வரைக்கும் இருக்க வேண்டி வரும்" என்பா. இப்படி ஒரு முட்டாள்தனத்தை உலகத்தில் வேறு யாரும் செய்திருப்பார்களா தெரியாது. எங்கள் ஒழுங்கையில் இடம்பெயர்ந்து வந்திருந்த அத்தனை வீட்டிலும் இதே கதைதான். நட்டால் திரும்பிப் போக முடியாமல் போய்விடும் என்ற பயம். மிளகாயை அவரிடம்தான் வாங்கித் தின்றோம்.

மறுபக்கம் அவர். சீமெண்ணெய் கிடைக்காத காலம் என்றால் மறுநாளே வேறு ஏதாவது எண்ணெயில் திரி எரியும். நெருப்புப்பெட்டி இல்லையென்றால் அவருடைய அடுப்பில் தணல் அணையாது, ஒழுங்கை முழுதும் அங்கே வந்து கொள்ளி கொண்டுபோகும். எங்களோடு கதைக்கும்போது 'ஓம்' என்பார். மகளோடு கதைக்கும்போது 'ஆமா' என்பார். எதையும் ஒரு நாளில் பழகிவிடுவார். நான் ஒரு கிழமை புறுபுறுத்து முடிப்பதற்குள் அவர் அந்தக் கஷ்டத்தோடு உறவு கொண்டாடத் தொடங்கியிருப்பார். அது எனக்குப் பொறுக்காது.

சவர்க்காரம் இல்லாத நாட்களில் ஒரு முறை என்னுடைய பள்ளிக்கூடச் சேலையைப் பனம்பழக் களியில் தோய்த்துத் தந்தார். நல்ல வெளுப்பு. ஆனால் பனம்பழ வாசம் போகாது. கொடியில் காயப்போட்டிருந்தபோது மாடு வந்து ஒரு முழம் முந்தானையைச் சப்பித் தின்றுவிட்டது. அது என்னிடம் மிஞ்சியிருந்த ஒரே நல்ல சேலை. நான் வாசலில் குந்தியிருந்து அழுதேன். சேலைக்காக மட்டுமல்ல, எல்லாவற்றுக்குமாக. அவர் சேலையை விரித்துப் பார்த்து, கிழிந்த பக்கத்தை உள்ளே போட்டு மடிப்பு மடிப்பாய்க் கொய்து காட்டினார்.

"இப்பிடிக் கட்டுனா யாருக்கும் தெரியாது டீச்சர்."

"எனக்குத் தெரியும்தானே அக்கா!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு வியப்பு இருந்தது. இது ஒரு காரணமா என்பது போலப் பார்த்தார். பிறகு, "கொஞ்ச நாள்ல பழகிரும்" என்றார். அந்தச் சொல்லை நான் வெறுத்தேன்.

நாங்கள் வந்த அடுத்த வருடம் மாரியில் அவருடைய புருசன் மலேரியா கண்டு செத்துப்போனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தும் மருந்து போதவில்லை. எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த மறுநாள் காலை, டொக் டொக்கென்று சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். அவர் புருசனுடைய மண்வெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதன் பிடியைக் கத்தியால் தறித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் நல்ல உயரம், இவர் என் தோளுக்கும் வரமாட்டார். ஒரு சாண் அளவு தறித்து, நுனியைச் சிராய் இல்லாமல் சீவி, எழும்பி நின்று இரண்டு தரம் கொத்திப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. நேரே மரவள்ளிப் பாத்திக்குப் போனார்.

"உவளுக்கு நெஞ்சில ஈரமே இல்லைப் போல" என்றா அம்மா. நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. தறித்து விழுந்த அந்தத் துண்டை அவர் அடுப்பில் வைக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். நாங்கள் வந்த மூன்றாம் மாதம் மாமியின் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து பல இடம் அலைந்து எங்களிடம் வந்தது. அப்பா அக்காவின் குடிலுக்கு முன்னால் போய் நின்றார்.

"பிள்ளை, மாமியாக்கள் வந்திருக்கினம். கிணத்தடிக்குக் கிட்ட இருந்தால்தான் அவைக்கு வசதி. நீ உதில கொஞ்சம் தள்ளிப் போட்டால் என்ன?"

"போட்டுக்கிறேங்கய்யா."

அது மூன்றாவது வீடு. வேலிக் கரையில். புருசன் செத்து ஆறு மாதத்தில் அப்பா கூலி உழவுக்கென்று ஒரு பழைய ட்ரக்டர் வாங்கினார். அதை நிறுத்தக் கொட்டில் வேண்டும், கொட்டிலுக்கு வேலிக் கரைதான் தோது. அப்பா திரும்பவும் போய் நின்றார். அவர் திரும்பவும் "போட்டுக்கிறேங்கய்யா" என்றார். இந்த முறை காணியின் கடைசித் தொங்கல், வாய்க்கால் ஓரம். மழை பெய்தால் குடிலுக்குள் தண்ணீர் வரும். அவர் மண் வெட்டி ஒரு முழம் உயரத்துக்குத் தளம் போட்டு அதன்மேல் குடிலை வைத்தார். தாயும் மகளுமாகத் தனியே செய்தார்கள். ஒரே வளவுக்குள் அது அவருக்கு நாலாவது வீடு.

அன்று நான் அவரோடு சண்டை பிடித்தேன். அப்பாவோடு பிடித்திருக்க வேண்டிய சண்டை. அப்பாவோடு பிடிக்கத் தைரியமில்லாததால் அவரிடம் போனேன்.

"அக்கா, ஒருக்கா ஏலாது எண்டு சொல்லிப் பாருங்கோவன். உங்களுக்கு வாய் இல்லையோ?"

"சொன்னா என்ன நடக்கும் டீச்சர்?"

"அப்பா யோசிப்பார்."

"நீங்க சொன்னீங்களா ஐயாகிட்ட?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பிறகு மண்ணை மிதித்து இறுக்கத் தொடங்கினார்.

இரண்டாயிரத்தொன்றில் ஊருக்குத் திரும்பலாம் என்ற பேச்சு உண்மையாகவே வரத் தொடங்கியது. அதே நேரம் எங்கள் பகுதியில் காணிக் கச்சேரி நடக்கப்போகிறது என்று அறிவித்தார்கள். அதிகாரி ஒருவர் ஊருக்கே வந்து மேசை போட்டு இருந்து, அரச காணியில் குடியிருப்பவர்களை எல்லோர் முன்னிலையிலும் விசாரிப்பார். யார் வெட்டித் துப்பரவாக்கினது, யார் கிணறு கிண்டினது, யார் எத்தனை வருடம் இருக்கிறார்கள் என்று பார்த்து அவர்களுக்குப் பெர்மிற் எழுதுவார். அறிவித்தல் வந்த அன்று பின்னேரம் அக்கா என்னைத் தேடி வந்தார். ஐந்து வருடத்தில் அவர் என்னிடம் ஒன்று கேட்டு வந்தது அதுதான் முதல் தரம்.

"ஒரு பாரம் நெரப்பித் தரணும் டீச்சர். எனக்கு வேணாம், நான் எங்கயும் இருந்துக்குவேன். புள்ளைக்கு ஒரு அட்ரஸ் வேணும்."

அவருடைய மகள் என் வகுப்பில்தான் படித்தாள். வகுப்பு வரவு இடாப்பில் அவள் பெயருக்கு நேரே நிரந்தர முகவரி என்ற இடத்தில் அப்பாவின் பெயரைப் போட்டு, 'இவரது வளவில் வசிப்பவர்' என்று எழுதியது நான்தான். அந்தப் பிள்ளை அதை வாசித்திருக்கிறது. தாய்க்கும் சொல்லியிருக்கிறது.

எனக்கு அன்று சந்தோசம் தாங்கவில்லை. கடைசியில் இந்த மனுசி ஒன்று வேண்டும் என்று கேட்டுவிட்டா! படிவத்தை நானே எழுதினேன். அப்பாவிடமும் நானே கேட்டேன். அவர் யோசித்துவிட்டு, "சரி, அவள் இப்ப இருக்கிற கரையில அரை ஏக்கர் எடுக்கட்டும். மிச்சத்தை நான் என்ர பேரில பதியிறன்" என்றார். அப்பாவுக்கு அந்தக் கரையைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருந்ததா என்று இன்றுவரை நான் கேட்டதில்லை. எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அதே கிழமை தங்கச்சிக்குக் கல்யாணம் பேசி முற்றாகியது. மாப்பிள்ளை பகுதி நல்ல மனிதர்கள். நாங்கள் இருந்த, வீடும் கிணறும் தென்னையும் உள்ள காணியைப் பெர்மிற்றோடு தங்கச்சிக்கு எழுத வேண்டும் என்று மட்டும் கேட்டார்கள்.

காணிக் கச்சேரி எங்கள் பள்ளிக்கூடக் கொட்டகையில் நடந்தது. அதிகாரி வயதானவர், பொறுமையானவர். வரைபடத்தை மேசையில் விரித்து நாலு மூலைக்கும் கல் வைத்திருந்தார். அக்காவின் முறை வந்ததும் மகளையும் கூட்டிக்கொண்டு முன்னால் போய் நின்றார். நல்ல சேலை உடுத்தியிருந்தார். அதிகாரி படிவத்தைப் பார்த்தார், வரைபடத்தில் விரலை வைத்தார், தலையை அசைத்தார்.

"இது வாய்க்காலுக்கு ஒதுக்கின நிலம் அம்மா. இதுக்கை பெர்மிற் எழுத எனக்கு அதிகாரமில்லை. உதில உங்களை ஆர் இருக்கச் சொன்னது?"

அக்கா என் அப்பா இருந்த பக்கம் திரும்பவில்லை.

"சரி, இதுக்கு முதல் எங்க இருந்தனீங்கள்? இந்தக் காணிக்கை வேற எங்கயாவது வீடு வாசல், கிணறு ஏதும் செய்திருந்தால் சொல்லுங்கோ. அந்த இடத்துக்கு எழுதலாம்."

அப்பா கதிரையை விட்டு எழும்பினார்.

"நடுவில இருக்கிற வீடும் கிணறும் நான் ஆள் வைச்சுச் செய்விச்சது. இவையள் வேலைக்கு நிண்டவை. வேணுமெண்டால் ரீச்சரைக் கேளுங்கோ."

அதிகாரி என் பக்கம் திரும்பினார். என்னை அவருக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அன்று காலை அவருக்குக் கதிரை மேசை ஒழுங்கு செய்து கொடுத்ததே நான்தான்.

"ரீச்சர், இந்தப் பாரத்தில உள்ளது உங்கட எழுத்துத்தானே? நீங்கள் சொல்லுங்கோ. அந்த வீட்டையும் கிணத்தையும் ஆர் செய்தது?"

எனக்குத் தெரியும். ஒவ்வொரு கல்லும் தெரியும். கிணற்றின் உள்கட்டில் அவருடைய புருசன் ஈரச் சீமெந்தில் விரலால் எழுதிய மகளின் பெயர் இருக்கிறது, தண்ணீர் வற்றும் நாளில் தெரியும். வீட்டில் தங்கச்சி கல்யாணச் சேலைக்கு நிறம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மேசையில் இருந்த வரைபடத்தைப் பார்த்தேன்.

"ஓம். அப்பாதான்."

அதிகாரி அக்காவிடம் கேட்டார்.

"அம்மா, நீங்கள் என்ன சொல்லுறியள்?"

"டீச்சர் சொல்றது சரிதாங்க."

பதற்றமில்லை, நடுக்கமில்லை. நான் சொன்ன பொய்க்கும் ஒரு இடம் விட்டுக் கொடுத்துவிட்டார். அதிகாரி படிவத்தின் குறுக்கே ஏதோ எழுதிப் பக்கத்தில் வைத்தார். அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள்.

எனக்கு அப்போது வந்த கோபத்தை எப்படிச் சொல்வது? என்மேல் வந்திருக்க வேண்டும். வெட்கக்கேடு, அவர்மேல் வந்தது. இந்த மனுசி ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லியிருந்தால் எனக்கும் உண்மையைச் சொல்ல ஒரு வழி கிடைத்திருக்குமே என்று நெஞ்சு கொதித்தது. கொட்டகையை விட்டு ஓடிப்போய் றோட்டில் அவரைப் பிடித்தேன். மகள் கொஞ்சம் முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஏன் பேசாமல் வந்தனீங்கள்? அந்தாள் உங்களைக் கேட்டவர்தானே? நான்தான் கட்டினனான் எண்டு சொல்லியிருந்தால் எழுதியிருப்பார். எல்லாத்துக்கும் இப்பிடி ஓம் ஓம் எண்டு கொண்டிருந்தால்..."

அவர் நின்றார். என்னை நேரே பார்த்தார். அந்த முகத்தில் நான் பயந்த கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்.

"நான் இல்லேன்னு சொல்லியிருந்தா அவரு மறுபடியும் உங்களைத்தான் கேட்டிருப்பாரு டீச்சர். நீங்க மறுபடியும் அதையேதான் சொல்லியிருப்பீங்க. மொத தடவ மேசையப் பாத்துச் சொன்னீங்க. ரெண்டாந்தடவ என் மூஞ்சியப் பாத்துல்ல சொல்லணும்." ஒரு மூச்சு எடுத்துக்கொண்டார். "வேற எது வந்தாலும் தாங்கிக்குவேன். அத என்னால தாங்க ஏலாது."

பிறகு மகளை எட்டிப் பிடிக்க வேகமாக நடந்தார்.

அடுத்த கிழமை அவர் வளவை விட்டுப் போய்விட்டார். எங்கே என்று யாரிடமும் சொல்லவில்லை. இந்தத் தடவை அவரை எழும்பச் சொன்னவர் ஒருவருமில்லை.